“வீடு வாங்கக் கடுதாசியா?” - சிங்காரப்பேட்டையில் அம்மா அனுப்பிய கடிதமும், நாங்கள் நீக்கிய வரிகளும்

“அக்கா, உங்களுக்கு முன்னாடி ரெண்டு பார்ட்டி நிக்குது. ஒருத்தர் 35 வரைக்கும் போறேங்கறாரு. நீங்க என்ன சொல்றீங்க?”

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தரகர் அம்மாவுக்கு போன் செய்து இப்படித்தான் கேட்டார். அம்மா போனைக் காதில் வைத்தபடி அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரைப் பார்த்தார். எங்களால் முடிந்தது 33 லட்சம். அதுவும் வங்கிக் கடனையும், ஓசூரில் தொழிற்சாலை வேலையில் இருக்கும் அண்ணனின் சேமிப்பையும் சேர்த்துத்தான். வீட்டுக்காரம்மா கேட்ட விலை 34.

எங்கள் ஊர் சிங்காரப்பேட்டை. கிருஷ்ணகிரியில் இருந்து ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகும் நெடுஞ்சாலையில், ஜவ்வாது மலைப் பக்கம் இருக்கும் ஊர். பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். நாங்கள் அங்கேதான் பல வருடமாக வாடகைக்கு இருக்கிறோம்.

விலைக்கு வந்த வீடு, நாங்கள் இருக்கும் அதே தெருவில் இருக்கிறது. முன்னால் திண்ணை, பின்னால் கிணறு, கிணற்றடியில் ஒரு முருங்கை மரம். ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வீடு அது. கணவர் இறந்த பிறகு பெங்களூரில் மகனோடு போய் இருக்கிறார். பால் வாங்கப் போகும்போதெல்லாம் அம்மா அந்தத் திண்ணையை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போவார். எங்களுக்குத் தெரியும். ஆனால், வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

விலையில் ஜெயிக்க முடியாது என்று தெரிந்தபோதுதான் நான் சொன்னேன், “டீச்சருக்கு ஒரு லெட்டர் எழுதலாமா?”

அப்பா சிரித்துவிட்டார். “வீடு வாங்கக் கடுதாசியா? பொண்ணு பார்க்கப் போறோமா என்ன?”

அப்பா கிண்டலாகச் சொன்னாலும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் இந்தக் கடிதத்துக்குப் பெயரே ‘காதல் கடிதம்’தான்!

வீட்டுக்கு ஒரு காதல் கடிதம்

செய்தி டெஸ்க்கில் வேலை பார்ப்பதால், எங்கோ படித்தது எப்போதோ கைகொடுக்கும். ஒரே வீட்டுக்குப் பலர் போட்டி போடும்போது, விலையோடு சேர்த்து ஒரு கடிதத்தையும் விற்பவருக்கு அனுப்புவது அமெரிக்காவில் பழக்கம். ‘உங்கள் தோட்டத்தைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது’, ‘எங்கள் குழந்தைகள் இந்தக் கூடத்தில் வளர வேண்டும்’ என்றெல்லாம் எழுதுவார்கள். குடும்ப போட்டோவையும் இணைப்பார்கள். விற்பவர் பல வருடம் வாழ்ந்த வீடு என்பதால், கொஞ்சம் குறைந்த விலை சொன்னவருக்குக்கூடச் சில நேரம் மனசு இளகும்.

நம் ஊரில் இதைக் கடிதமாக எழுதுவதில்லை. நேரில் போய், காபி குடித்துக்கொண்டே பேசிவிடுவோம். ‘நீங்க எந்த ஊரு?’, ‘உங்க பூர்வீகம்?’, ‘நம்ம அவரைத் தெரியுமா?’ என்று பேச்சு போகும். டீச்சர் பெங்களூரில் இருப்பதால் எங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் கடிதம்.

அன்று இரவே உட்கார்ந்து எழுதினேன். இரண்டு பக்கம் வந்தது. அப்பா எந்த ஊர், தாத்தா எந்த ஊர், எங்கள் குலதெய்வம் எங்கே இருக்கிறது, வருடா வருடம் எந்தக் கோயிலுக்கு மாலை போடுகிறோம், ‘நாங்களும் நம்ம பக்கத்து ஆளுங்கதான் டீச்சர்’ என்று எல்லாம் இருந்தது. கோயில் வாசலில் நெற்றி நிறைய விபூதியோடு நாங்கள் நால்வரும் நிற்கும் போட்டோவையும் வைத்தேன். படித்துவிட்டு எனக்கே கண் கலங்கிவிட்டது. நல்ல கடிதம் என்று நினைத்தேன்.

நண்பர் கேட்ட ஒரே கேள்வி

அனுப்பும் முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி, கூட வேலை பார்க்கும் நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவரும் கிருஷ்ணகிரி மாவட்டக்காரர்தான். இஸ்லாமியர். கொஞ்ச நேரம் கழித்து பதில் வந்தது.

“ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? இதே லெட்டரை எங்க அத்தா எழுதினா என்ன ஆகும்?”

எனக்கு உடனே புரியவில்லை. அவரே போன் செய்தார். அவர்கள் வீட்டிலும் இரண்டு வருடமாக வீடு தேடுகிறார்கள். ஒரு வீடு பிடித்துப் போய், விலையும் படிந்து, அட்வான்ஸ் கொடுக்க நாள் குறித்த பிறகு, தரகர் பெயர் கேட்டார். அடுத்த நாள், ‘வீட்டுக்காரர் மனசு மாத்திக்கிட்டாராம்’ என்றார். இன்னொரு வீட்டில் விலை பேசும் வரைக்கும்கூடப் போகவில்லை.

“உங்க லெட்டர்ல நீங்க சொல்றது என்னன்னா, நாங்க உங்களை மாதிரியே ஆளுங்க, அதனால எங்களுக்குக் கொடுங்கன்னு. அப்படின்னா, உங்களை மாதிரி இல்லாதவங்களுக்குக் கொடுக்காதீங்கன்னும் அதுல இருக்குல்ல?”

நான் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் படித்தேன். மனசு உருக எழுதியதாக நினைத்த வரிகளில் பாதி, நாங்கள் யார் என்பதைச் சொல்லும் அடையாள அட்டையாகத்தான் இருந்தது. வீட்டைப் பற்றி மொத்தமே நான்கு வரிதான்.

ஒரு மாகாணம் தடை போட்டது... நீதிமன்றம் நிறுத்தியது!

நண்பர் கேட்ட அதே கேள்வி அமெரிக்காவில் சட்டசபை வரைக்கும் போயிருக்கிறது.

மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டது 1968 ஏப்ரல் 4 அன்று. அதற்கு ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 11 அன்று, நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்டார். இனம், நிறம், மதம், பிறந்த நாடு இவற்றைப் பார்த்து வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ மறுக்கக் கூடாது என்றது அந்தச் சட்டம். 1974-ல் பாலினம் சேர்ந்தது. 1988-ல் உடல் குறைபாடும், குழந்தைகள் இருக்கும் குடும்பம் என்பதும் சேர்ந்தன.

இங்கேதான் காதல் கடிதத்தில் சிக்கல் வருகிறது. அந்நாட்டு ரியல் எஸ்டேட் முகவர்களின் தேசிய சங்கம் 2020-ல் தன் உறுப்பினர்களை எச்சரித்தது. ‘கிறிஸ்துமஸ் அன்று காலையில் எங்கள் குழந்தைகள் இந்தப் படிகளில் ஓடி இறங்குவதைக் கற்பனை செய்கிறோம்’ என்று ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். படிக்க எவ்வளவு அழகு! ஆனால், அந்த ஒரு வரியிலேயே அவர் மதமும் தெரிந்துவிட்டது, குழந்தைகள் இருப்பதும் தெரிந்துவிட்டது. அதைப் பார்த்து வீட்டுக்காரர் முடிவெடுத்தால் அது சட்டமீறல் ஆகலாம்.

ஒரிகான் மாகாணம் இன்னும் ஒரு படி மேலே போனது. இப்படிப்பட்ட கடிதங்களையும் போட்டோக்களையும் விற்பவரின் முகவர் வாங்கி விற்பவரிடம் சேர்க்கவே கூடாது என்று 2021-ல் சட்டம் போட்டது. அமெரிக்காவில் இப்படிச் சட்டம் போட்ட முதல் மாகாணம் அதுதான். அதைக் கொண்டுவந்த மார்க் மீக் என்ற சட்டமன்ற உறுப்பினரே ரியல் எஸ்டேட் தொழிலில் இருப்பவர்! 2022 ஜனவரி 1 அன்று சட்டம் அமலுக்கு வந்தது.

ஆனால், ஒரு ரியல் எஸ்டேட் நிறுவனம் வழக்குப் போட்டது. 2022 மார்ச் மாதத்தில் நீதிபதி மார்கோ ஹெர்னாண்டஸ் சட்டத்துக்குத் தடை விதித்தார். பாகுபாட்டைத் தடுக்கும் நோக்கம் நல்லதுதான் என்றாலும், எந்தத் தப்பும் இல்லாத கடிதங்களையும் சேர்த்து அந்தச் சட்டம் தடுக்கிறது, அது பேச்சுரிமையைப் பறிப்பதாகும் என்பது அவர் தீர்ப்பின் சாரம். அதன்பிறகு ஒரிகானும் அந்தச் சட்டத்தை அமல்படுத்துவதைக் கைவிட்டது.

ஆக, கடிதமே எழுதக் கூடாது என்று சொல்ல முடியாது. எதை எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

நம் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது?

மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது நம் அரசியலமைப்பின் 15-வது பிரிவு. ஆனால், அது முக்கியமாக அரசைக் கட்டுப்படுத்துகிறது. கடை, உணவகம், கிணறு, சாலை போன்ற பொது இடங்களுக்கும் அது பொருந்தும். ஒரு தனிநபர் தன் வீட்டை யாருக்கு விற்கிறார் என்பதில் மதம் பார்ப்பதைத் தடுக்க, அமெரிக்காவில் இருப்பது போன்ற தனிச்சட்டம் இங்கே இல்லை.

அகமதாபாத்தில் பார்சிகளுக்கான ஒரு கூட்டுறவு வீட்டுவசதி சங்கம், உறுப்பினராகப் பார்சிகளை மட்டுமே சேர்க்க முடியும் என்று விதி வைத்திருந்தது. அந்த விதி செல்லும் என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஒன்றில் மட்டும் சட்டம் தெளிவாக இருக்கிறது. தீண்டாமையின் பெயரால், ஒரு பகுதியில் ஒருவர் வீடு கட்டுவதையோ வாங்குவதையோ குடியேறுவதையோ தடுத்தால், 1955-ம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி அது தண்டனைக்குரிய குற்றம்.

எங்கள் மாவட்டத்துக்கு இந்தக் கேள்வி ரொம்ப முக்கியம். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் தெருவில் கேட்கும் மாவட்டம் இது. ஓசூரில் அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று தொழிற்சாலைகள் வந்த காலத்தில் இருந்தே வெளியூர்க்காரர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். இப்போது எங்கள் பக்கமும் போச்சம்பள்ளியில் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை இருக்கிறது. வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் வீடு வேண்டும். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வியைத் தாண்டித்தான் எல்லோரும் வீட்டு வாசலுக்குள் போக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கடிதம்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அம்மாவிடம் நண்பர் சொன்னதைச் சொன்னேன். அம்மா யோசித்துவிட்டு, “அந்தப் பையன் சொல்றது சரிதான் பாப்பா. நாம வீடுதானே கேக்கறோம்? வீட்டைப் பத்தி மட்டும் எழுது” என்றார்.

முதலில் குலதெய்வம் போனது. அப்புறம் தாத்தா ஊர், கோயில் மாலை, போட்டோ எல்லாமும் போயின. ‘வீட்டில் ஒரு செங்கல்லைக்கூட மாற்ற மாட்டோம்’ என்று நான் எழுதியிருந்த வரியை அப்பா நிறுத்தினார். “சமையல்கட்டு ஒழுகுது. அதை இடிக்காம எப்படி? நாளைக்கு டீச்சர் வந்து பார்த்தா என்ன சொல்லுவ?”

கடைசியில், ‘வேறு யாருக்குக் கொடுத்தாலும் எங்களுக்கு வருத்தம் இல்லை’ என்று முடித்திருந்தேன். அம்மா விடவில்லை. “அது பொய். எனக்கு வருத்தமாத்தான் இருக்கும். வருத்தப்படுவோம், ஆனா தப்பா நினைக்க மாட்டோம்னு எழுது.”

ஒரே பக்கத்தில் முடிந்த அந்தக் கடிதம் இதுதான்:

*‘டீச்சருக்கு வணக்கம்.*

*நாங்கள் உங்கள் தெருவிலேயே வாடகைக்கு இருக்கிறோம். உங்கள் வீட்டை விலைக்குக் கேட்டிருக்கும் மூன்று பேரில் நாங்களும் ஒருவர்.*

*எங்களால் முடிந்த விலையைத் தரகரிடம் சொல்லியிருக்கிறோம். முழுத்தொகையும் வங்கி வழியாகவே தருவோம். பத்திரத்திலும் அதே தொகையைத்தான் எழுதுவோம்.*

*வீட்டுக்கடனுக்கு வங்கியில் பேசிவிட்டோம். அக்ரிமென்ட் போட்ட நாளில் இருந்து 60 நாள் அவகாசம் வேண்டும். உங்கள் சாமான்களை எடுக்க எவ்வளவு நாள் வேண்டும் என்று சொன்னால், அதையும் அக்ரிமென்ட்டிலேயே எழுதிக்கொள்ளலாம்.*

*கிணற்றடி முருங்கையை வெட்ட மாட்டோம். திண்ணையும் அப்படியே இருக்கும். சமையல்கட்டை மட்டும் எடுத்துக் கட்ட வேண்டியிருக்கும். அதை இப்போதே சொல்லிவிடுகிறோம்.*

*வேறு யாருக்குக் கொடுத்தாலும் வருத்தப்படுவோம். ஆனால், தப்பாக நினைக்க மாட்டோம். எதுவாக இருந்தாலும் ஒரு போன் செய்து சொன்னால் போதும்.’*

கீழே அம்மா தன் பெயரையும் போன் நம்பரையும் எழுதினார். தரகர் மூலமாக விலாசம் வாங்கி, தபாலில் அனுப்பினோம். “என்னக்கா, வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் போட்டா போதாதா?” என்று தரகருக்கு ஒரே சிரிப்பு.

டீச்சர் பிடித்துக்கொண்ட வரி

ஒன்பதாவது நாள் டீச்சர் போன் செய்தார். அம்மா ஸ்பீக்கரில் போட்டார்.

“கடுதாசி எழுதினது யாரு கண்ணு?”

“நான்தான் டீச்சர். அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்.”

“முருங்கையெல்லாம் இருக்கட்டும். பத்திரத்துல முழுத்தொகையும் எழுதுவோம்னு எழுதியிருக்கியே, அது நெஜந்தானா?”

எனக்கு ஆச்சரியம். முருங்கை மரத்துக்குத்தான் டீச்சர் மனசு இளகும் என்று நினைத்திருந்தேன்.

35 சொன்னவர் பாதித் தொகையை ரொக்கமாகத் தருவதாகவும், பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டலாம் என்றும் சொல்லியிருக்கிறார். “அவ்வளவு பணத்தைப் பையில வாங்கி, இந்த வயசுல நான் எங்க கண்ணு கொண்டு போய் வைக்கறது?” என்றார் டீச்சர்.

டீச்சரின் பயம் நியாயமானது. வீடு, மனை விற்பனைக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் 2015 ஜூன் மாதத்தில் இருந்து தடுக்கிறது. மீறி வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு தொகை அபராதமாக வரலாம். அதாவது, சிக்கல் பணத்தைக் கொடுத்தவரைவிட, வாங்கிய டீச்சருக்குத்தான் அதிகம்.

ஆனால், இதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாகிவிடும்: கடிதம் விலையை ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. “34-ல இருந்து எறங்க முடியாதும்மா. மகளுக்கும் இதுல பங்கு இருக்கு. நான் கொறைச்சா அவளுக்கு என்ன பதில் சொல்றது?” என்று டீச்சர் அம்மாவிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். கிடைத்தது 60 நாள் அவகாசமும், ‘அதுவரைக்கும் வேற யார்கிட்டயும் பேச மாட்டேன்’ என்ற வார்த்தையும்தான். மீதி ஒரு லட்சத்துக்கு அம்மாவின் இரண்டு வளையல் அடகுக்குப் போயிற்று. இன்னும் மீட்கவில்லை.

கடிதம் வேறு, காகிதம் வேறு

டீச்சர் சரி என்றதும் நான் துள்ளிக் குதித்தேன். அப்பா, “இனிமேதான் வேலையே இருக்கு” என்றார். எவ்வளவு உண்மை!

பட்டா, டீச்சரின் இறந்துபோன கணவர் பெயரில் இருந்தது. அவர் உயில் எழுதவில்லை. அதனால் டீச்சர் மட்டும் கையெழுத்துப் போட்டால் செல்லாது. மகன், மகள் இருவரும் வாரிசுகள் என்பதால் மூன்று பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வாரிசுச் சான்றிதழ் வாங்கி, வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்து, தாய்ப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டி... அது ஒரு தனிக் கதை.

விற்பவரின் நல்ல மனசை மட்டும் நம்பி எதையும் விட்டுவிடக் கூடாது என்பதற்காகச் சில விஷயங்களை இங்கே சொல்கிறேன்.

கடிதம் ஒப்பந்தம் ஆகாது. விற்பவர் போனில் ‘உங்களுக்குத்தான்’ என்று சொன்னாலும், அதை வைத்துக்கொண்டு வீட்டை எழுதிக்கொடு என்று கேட்பது ரொம்பக் கஷ்டம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய அக்ரிமென்ட்டைப் பதிவு செய்வது கட்டாயம். விலை, அட்வான்ஸ், கெடு, யார் யார் கையெழுத்து, எப்போது காலி செய்வது என எல்லாவற்றையும் அதில் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.

அக்ரிமென்ட் போட்டதாலேயே வீடு உங்களுடையது ஆகிவிடாது. சொத்து மாற்றுச் சட்டம் 54-வது பிரிவு இதைத் தெளிவாகச் சொல்கிறது. விற்பவர் பின்வாங்கினால், கெடு முடிந்த தேதியில் இருந்து 3 வருடத்துக்குள் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

அட்வான்ஸ் ரூபாயை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு வழியாக அனுப்பினால் நாளைக்கு அதுவே சாட்சி.

விலையோடு பதிவுச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 34 லட்சத்துக்கு இது மட்டுமே 3 லட்சத்து 6 ஆயிரம் ரூபாய்! இதை மறந்துவிட்டுத்தான் பலர் கடைசி நேரத்தில் ரொக்கம், குறைந்த மதிப்பு என்று தடுமாறுகிறார்கள்.

கடிதம் எழுதுகிறீர்களா?

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர், பிள்ளைகளோடு வேறு ஊருக்குப் போன பெரியவர், நேரில் பார்க்க முடியாதவர் என்றால் கடிதம் நிச்சயம் உதவும். எங்கள் அனுபவத்தில் இருந்து சில யோசனைகள்:

* வீட்டில் உங்களுக்குப் பிடித்தது எது என்று ஒன்றோ இரண்டோ சொல்லுங்கள். நேரில் பார்த்ததை மட்டும் எழுதுங்கள்.

* பணம் எப்படி வரும், எத்தனை நாளில் வரும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். வயதான விற்பவர்களுக்கு விலையைவிட இழுபறிதான் பெரிய பயம்.

* ‘இந்த வீட்டுக்காக எவ்வளவு வேண்டுமானாலும் தருவோம்’ என்று எழுதவே எழுதாதீர்கள். அதற்குப் பிறகு பேரம் பேச முடியாது. ‘இந்த வீடு இல்லாவிட்டால் எங்களுக்கு வாழ்க்கையே இல்லை’ என்பதும் அதே ரகம்தான்.

* நிறைவேற்ற முடியாத வாக்கைத் தராதீர்கள். மரத்தை வெட்டப் போகிறீர்கள் என்றால், அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது, வெட்ட மாட்டோம் என்று எழுதுவதைவிட மேல்.

* சாதி, மதம், பூர்வீகம், உணவுப் பழக்கம், குடும்ப போட்டோ எதுவும் வேண்டாம். அவை இல்லாமலும் நல்ல கடிதம் எழுத முடியும்.

* ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். பெரியவர்கள் படிக்கும்படி கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

* தரகரைத் தாண்டிப் போவதாக அவர் நினைத்துவிடக் கூடாது. கடிதம் அனுப்புவதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீடு விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால், கீழே இருக்கும் பெயரைப் பார்க்கும் முன், மேலே இருக்கும் விலையையும் கெடுவையும் வாக்கையும் படியுங்கள். கேட்டவர்கள் எல்லோரையும் ஒரே தாளில் எழுதிக்கொள்ளுங்கள். விலை எவ்வளவு, வங்கி வழியா ரொக்கமா, எத்தனை நாள் என மூன்றே கேள்வி போதும். டீச்சர் அப்படித்தான் எழுதி வைத்திருந்தாராம்.

பதிவு நாள் அன்று

சித்திரை கடைசியில் பத்திரம் முடிந்தது. டீச்சர் பெங்களூரில் இருந்து மகனோடு வந்திருந்தார். மகளும் வந்திருந்தார். கையெழுத்து, கைரேகை, போட்டோ எல்லாம் முடிந்து வெளியே வந்து டீ குடிக்கும்போது அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“டீச்சர், நாங்க யாரு என்னன்னு நீங்க கேக்கவே இல்லையே?”

“கேட்டு என்ன பண்ணப் போறேன்? முப்பது வருஷம் ரிஜிஸ்டர்ல பேரு எழுதினவ நான். பேருக்கு முன்னாடி பின்னாடி இருக்கறதையெல்லாம் பார்த்துப் பார்த்து அலுத்துப் போச்சு” என்று சிரித்துவிட்டு, சாவியை அம்மா கையில் கொடுத்தார். “முருங்கையை மட்டும் ஆடி மாசத்துக்குள்ள ஒருதரம் கழிச்சி விடுங்க. இல்லைன்னா காத்துக்கு முறிஞ்சிடும்.”

இப்போது அந்தத் திண்ணையில் உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன். சமையல்கட்டில் இடிக்கும் சத்தம் கேட்கிறது. அம்மா பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறார்.

நண்பர் வீட்டுக்கும் ஒரு வீடு பிடித்திருக்கிறது. போன வாரம் அவரும் நானும் உட்கார்ந்து அவர் அத்தாவுக்காக ஒரு கடிதம் எழுதினோம். விலை, வங்கிக் கடன், 60 நாள் கெடு, வாசலில் இருக்கும் வேப்பமரம் எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் கடிதத்துக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், கீழே இருக்கும் பெயர்தான். அதை மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது.

தபாலில் போட்டு ஆறு நாள் ஆகிறது. பதில் இன்னும் வரவில்லை. அம்மா தினமும் ராத்திரி போன் செய்து கேட்கிறார், “அந்தத் தம்பி வீட்டுக்கு ஏதாச்சும் போன் வந்துச்சா பாப்பா?”